நெடுவில் வேட்டைக்கான அம்பைத் தேர்ந்தெடுத்துச் சீரமைத்தல்: முழுமையான வழிகாட்டி

வில்லை விட்டுப் புறப்படும் அம்பு வாலை ஆட்டிக்கொண்டே பறந்தாலும், பதினைந்து கெஜத்தில் இருக்கும் பயிற்சிப் பொதியில் அது குத்தி நின்றுவிடும். எய்தவர் அதைக் கவனிக்காமலே அடுத்த அம்பை எடுப்பார். விலங்கின் உடலில் அதே அம்பு வேறு விதமாக நடந்துகொள்ளும். முனை ஒரு திசையிலும் தண்டு வேறு திசையிலும் இருக்க அது தோலைத் தொடுமானால், உள்ளே செலுத்த வேண்டிய விசையில் பெரும்பங்கு தண்டைப் பக்கவாட்டில் வளைப்பதிலேயே வீணாகிறது. நுரையீரல் இரண்டையும் கடந்து மறுபுறம் வெளியேற வேண்டிய அம்பு ஒரு விலா எலும்பில் பட்டு நின்றுவிடுகிறது. அந்த விலங்கு அன்றே விரைவாக இறக்குமா, காயத்தோடு காட்டில் அலைந்து துன்புறுமா என்பதை அம்பின் நேரான பறப்பே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே எடை, முனை, விலை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால், வில்லைவிட்டு வெளியேறும் அந்தக் கணத்திலேயே அம்பு நேராகப் போக வேண்டும் என்பதையே இந்த வழிகாட்டி அடிப்படையாகக் கொள்கிறது.

இங்கே பேசப்படுவது லாங்போ எனப்படும் நெடுவில். விரல்களால் நாணை இழுத்து, அம்பை வில்லின் பிடிக்கு மேலுள்ள சிறிய திட்டிலேயே வைத்து எய்யும் மரபான முறை. வலக்கையால் நாணை இழுப்பவரை மனத்தில் வைத்தே இடம், வலம் என்ற திசைகளைக் குறிப்பிட்டிருக்கிறேன். இடக்கையால் இழுப்பவர்கள் அவற்றைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். வேட்டைக்கு அனுமதி உள்ள இடங்களிலும், வில்லின் இழுவிசைக்கும், கூரிய அலகுகள் கொண்ட வேட்டை அம்புமுனையான வெட்டுமுனையின் அகலத்துக்கும் குறைந்தபட்ச அளவுகளைச் சட்டம் விதித்திருக்கலாம். அம்பு வாங்குவதற்கு முன்பே அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் படி: வில்லையும் உங்களையும் அளந்துகொள்ளுங்கள்

வில்லின் மேல் எழுதியிருக்கும் இழுவிசை, 28 அங்குலம் இழுக்கும்போது கிடைக்கும் விசை. உங்கள் இழுப்பு 26 அங்குலமாக இருந்தால், 50 பவுண்டு என்று எழுதிய வில் உங்கள் கையில் ஏறத்தாழ 45 பவுண்டுதான் தரும். ஏனென்றால் ஒவ்வோர் அங்குலத்துக்கும் இரண்டு முதல் மூன்று பவுண்டு வரை கூடும் அல்லது குறையும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிய அம்புகள் தொடக்கத்திலேயே விறைப்பாகப் போய்விடுகின்றன. எனவே ஒரு நீளமான தண்டில் அங்குலக் கோடுகள் வரைந்து, உடல் சூடேறும் வரை சில அம்புகள் எய்த பிறகு, வழக்கமான நிலையில் நின்று இழுத்து, வில்லின் முன்முகம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே முறை அளந்தால் போதாது, ஐந்தாறு முறை அளக்க வேண்டும். அளக்கிறார்கள் என்று தெரிந்தாலே நாம் இயல்பைவிட ஓர் அங்குலம் கூட இழுத்துவிடுகிறோம். பிறகு ஒரு தொங்கு தராசைக் கொண்டு அந்த நீளத்தில் வில் தரும் விசையைப் பாருங்கள். இனி வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் அடித்தளம்.

அடுத்தது நாண் உயரம், அதாவது நாணேற்றிய வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையிலுள்ள தூரம். பெரும்பாலான நெடுவில்களுக்கு இது 6 முதல் 7.5 அங்குலத்துக்குள் இருக்கும். வில் செய்தவர் சொல்லும் எல்லைக்குள் நாணை முறுக்கியோ தளர்த்தியோ, எந்த உயரத்தில் வில் குறைந்த ஓசையோடும் கையில் குறைந்த அதிர்வோடும் எய்கிறதோ அங்கே நிறுத்தி, அந்த அளவைக் குறித்து வையுங்கள். புதிய நாண் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். அது நிலைபெறும் முன் அம்பைச் சீரமைக்கத் தொடங்கினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

நாணில் அம்பைப் பொருத்தும் இடமான நாக் பாயிண்டைத் தொடக்கத்தில் சற்று உயரமாகவே வையுங்கள். அம்பு அமரும் திட்டிலிருந்து நாணுக்குச் செங்கோணமாக வரும் இடத்துக்கு மேலே அரை அங்குலம் முதல் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 5/8 அங்குலம் வரை வைப்பது நல்ல தொடக்கம். மிகத் தாழ்வாக வைத்தால் அம்பின் பின்பகுதி திட்டில் மோதி மேலே துள்ளும். அப்போது நாக் பாயிண்ட் உயரமாக இருக்கிறது என்று தோன்றி, அதை இன்னும் தாழ்த்தி, குழப்பத்தை வளர்த்துக்கொள்வோம். உயரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கீழே கொண்டுவருவதே பாதுகாப்பான வழி.

இரண்டாம் படி: அம்பு ஏன் வளைய வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

நெடுவில்லின் பிடி நாணின் நேர்க்கோட்டிலேயே நிற்கிறது. இழுத்துப் பிடித்த நிலையில் அம்பு அந்தப் பிடியின் இடப்பக்கமாக, இலக்குக்குச் சற்று இடப்புறம் நோக்கியே இருக்கிறது. ஆனாலும் சரியான அம்பு நேராக இலக்குக்கே போகிறது. இந்த வியப்புக்கு ‘வில்லாளரின் முரண்’ என்று பெயர். 1930களில் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பால் இதன் உண்மையைக் காட்டினார்: விரல்களிலிருந்து வழுக்கும் நாண் பக்கவாட்டில் ஓர் உதை தருகிறது, நாணின் விசை தண்டைப் பின்னாலிருந்து நெருக்குகிறது, அம்பு முதலில் வில்லின் பக்கமாக வளைந்து, பிறகு வெளிப்பக்கமாக வளைந்து, பிடியைச் சுற்றிக்கொண்டு அதன் மேல் படாமல் வெளியேறுகிறது. பிறகும் சிறிது தூரம் மீனைப் போல நெளிந்தபடியே போய் அடங்குகிறது.

இந்த வளைவு சரியான அளவிலும் சரியான காலத்திலும் நிகழ வேண்டும். தண்டு அதிக விறைப்பாக இருந்தால் போதிய அளவு வளையாமல் பிடியால் தள்ளப்பட்டு இடப்பக்கம் போகும். அதிகமாகத் துவளும் தண்டு அளவுக்கு மேல் வளைந்து வலப்பக்கம் போகும். தண்டின் இந்த விறைப்பைத்தான் ஸ்பைன் என்கிறார்கள்.

ஸ்பைன் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். மரத்தண்டுகளை 26 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கிறார்கள். 26ஐ அந்தத் தாழ்வால் வகுத்தால் வருவது பவுண்டுக் கணக்கிலான ஸ்பைன். 0.52 அங்குலம் தாழ்ந்தால் அது 50 பவுண்டு ஸ்பைன் தண்டு. கார்பன் தண்டுகளுக்கோ தாங்கிகளின் இடைவெளி 28 அங்குலம், எடை 1.94 பவுண்டு, 500 என்ற எண் 0.500 அங்குலத் தாழ்வைக் குறிக்கிறது. ஆகவே மரக்கணக்கில் எண் கூடினால் விறைப்பு கூடுகிறது, கார்பன் கணக்கில் எண் கூடினால் விறைப்பு குறைகிறது. இரண்டும் ஒரே அளவுகோலும் அல்ல; 500 என்ற கார்பன் தண்டை மர முறையில் அளந்தால் அது ஏறத்தாழ 63 பவுண்டு ஸ்பைன் காட்டும்.

அசையாமல் அளந்த ஸ்பைன் ஒன்று, எய்யும்போது தண்டு காட்டும் ஸ்பைன் வேறொன்று. தண்டின் நீளம் கூடினால் அது அதிகமாகத் துவளும், குறைத்தால் விறைக்கும். முனையின் எடை கூடினாலும், இழுவிசை கூடினாலும், நீட்சி குறைந்த புதுவகை நாணைக் கட்டினாலும் தண்டு துவளும். பின்முனையில் எடை சேர்த்தால் விறைக்கும். வில்லின் பிடியில் அம்பு உரசும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தோலைத் தடிமனாக்கினால், அம்பு மையத்திலிருந்து விலகி நிற்பதால் விறைப்பான அம்பைப் போல நடந்துகொள்ளும். சீரமைத்தல் என்பது இந்தச் சில நெம்புகோல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பதே.

மூன்றாம் படி: தண்டையும் மொத்த எடையையும் முடிவு செய்யுங்கள்

அம்பின் எடை கிரெய்ன் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15.4 கிரெய்ன். வேட்டைக்கு உங்கள் இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 முதல் 11 கிரெய்ன் வரை இருக்கும்படி அம்பை அமைப்பது நெடுவில்லுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 48 பவுண்டு இழுப்பவர் ஏறத்தாழ 430 முதல் 530 கிரெய்ன் வரை நோக்கலாம். எடுத்துக்காட்டாக, 330 கிரெய்ன் தண்டு, 145 கிரெய்ன் முனை, இறகுகளும், நாக்கும் (அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவுள்ள துண்டு), பசையும் சேர்ந்து சுமார் 20 கிரெய்ன் என்றால் மொத்தம் 495 கிரெய்ன். பவுண்டுக்குப் பத்துக்குச் சற்று மேல். கனமான அம்பு மெதுவாகப் போகிறது, தொலைவில் அதிகம் தாழ்கிறது என்பது உண்மை. ஆனால் அது வில்லிலுள்ள ஆற்றலை நன்றாக வாங்கிக்கொள்வதால் வில் அமைதியாகிறது, கையில் அதிர்வு குறைகிறது, எலும்பில் பட்டாலும் உந்தம் எளிதில் தீர்ந்துவிடுவதில்லை. நெடுவில்லால் வேட்டையாடும் தூரம் பெரும்பாலும் இருபது கெஜத்துக்குள்தான் என்பதால், வேகத்தைச் சிறிது இழப்பது பெரிய இழப்பாகாது. பவுண்டுக்கு எட்டு கிரெய்னுக்குக் கீழே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிக இலகுவான அம்பை எய்வது வெறும் நாணை விடுவதற்கு நெருங்கிய கேட்டை வில்லுக்குச் செய்கிறது.

தண்டு எந்தப் பொருளில் இருக்க வேண்டும் என்பது மனத்துக்குப் பிடித்ததைப் பொறுத்தது. மரங்களில், போர்ட் ஆர்ஃபோர்டு சீடர் நேராக நிற்கும், இலகுவானது, அறுக்கும்போதே மணக்கும். சிட்கா ஸ்புரூஸ் எடைக்கு மீறிய விறைப்பு உடையது. டக்ளஸ் ஃபிர் இவற்றைவிடக் கனமும் உறுதியும் கொண்டது. பெரிய விலங்குக்கு மரத்தண்டையே விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம். அலுமினியத் தண்டின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் விட்டத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்குகளாகவும், கடைசி இரண்டும் சுவரின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளாகவும் சொல்லும். 2018 என்றால் 20/64 அங்குல விட்டம், 0.018 அங்குலச் சுவர். அலுமினியம் மிகவும் சீரானது, ஆனால் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். கார்பன் ஈரத்துக்கு அசையாது, வளைந்தாலும் நேராகும், அதன் நெளிவு விரைவில் அடங்கும். முதன்முறையாகச் சீரமைத்தலைக் கற்பவர் கார்பனில் தொடங்கினால், வெட்டியும் முனை மாற்றியும் சோதிக்க வசதியாக இருக்கும் என்பது என் கருத்து. மரத்தின் இன்பம் வேறு, அதற்குப் பிறகு வரலாம்.

மரத்தண்டு எடுப்பவர், 28 அங்குல அம்பு, 125 கிரெய்ன் முனை, டாக்ரான் (சற்று நீளும் செயற்கை இழை) நாண் ஆகியவற்றுக்குத் தம் கையில் கிடைக்கும் இழுவிசைக்குச் சமமான ஸ்பைனில் தொடங்கலாம். 28க்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 5 பவுண்டு, முனையில் கூடும் ஒவ்வொரு 25 கிரெய்னுக்கும் ஏறத்தாழ அதே அளவு, நீட்சி குறைந்த நாணுக்கு இன்னுமோர் 5 பவுண்டு என்று கூட்டிக்கொள்ளுங்கள். கார்பனில், கையில் 45 முதல் 50 பவுண்டு இழுப்பவருக்கு 500 அல்லது 600 தண்டு பெரும்பாலும் பொருந்தும். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. ஒரே இழுவிசையுள்ள இரண்டு வில்கள், ஒரே வில்லை எய்யும் இரண்டு பேர், வெவ்வேறு தண்டைக் கேட்பதுண்டு. அதனால் ஒரு டஜனை வாங்கும் முன் அருகருகே உள்ள மூன்று ஸ்பைன்களில் ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்க வேண்டும்.

மரத்தில் வளையக்கோடுகளையும் கவனியுங்கள். நாக்கின் பிளவு அந்த வளையங்களுக்குக் குறுக்காக வர வேண்டும். அப்போது தண்டின் விறைப்பான பக்கம் வில்லைப் பார்க்கும். மரநார் ஓடி முடியும் இடத்தில் தெரியும் கூரிய வடிவங்கள் மேற்புறத்தில் அம்பின் முனையை நோக்கி இருக்கட்டும். தண்டு முறிந்தாலும் சிம்பு கையை விட்டு விலகிப் போக வாய்ப்புண்டு.

நான்காம் படி: இறகில்லா அம்பை எய்து பாருங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இறகு அம்பின் குறைகளை மறைத்துவிடும். இறகு இல்லாத தண்டு எதையும் மறைக்காது. வேட்டைக்குப் பயன்படுத்தப்போகும் அதே எடையுள்ள பயிற்சிமுனையைப் பொருத்தி, மூன்று இறகு அம்புகளையும் இரண்டு இறகில்லா அம்புகளையும் தயார் செய்யுங்கள். இறகில்லாதவற்றின் பின்பகுதியில் இறகுகளின் எடைக்குச் சமமான நாடாவைச் சுற்றுங்கள். வெட்டுமுனையை இறகில்லாத அம்பில் ஒருபோதும் பொருத்தக் கூடாது. அது எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மரத்தண்டு குறுக்காகக் குத்தினால் முறியும் என்பதால், மென்மையான இலக்கின் முன் மிக அருகிலிருந்து தொடங்க வேண்டும்.

பத்து கெஜத்தில் நின்று, முதலில் மூன்று இறகு அம்புகளை ஒரே இடத்தில் குழுவாக எய்யுங்கள், பிறகு இறகில்லாதவற்றை அதே புள்ளிக்கு எய்யுங்கள். இறகில்லா அம்பு குழுவுக்கு இடப்பக்கம் விழுந்தால் தண்டு விறைப்பானது, வலப்பக்கம் விழுந்தால் துவளுவது. குழுவுக்குக் கீழே விழுந்தால் நாக் பாயிண்ட் உயரமாக இருக்கிறது, மேலே விழுந்தால் தாழ்வாக இருக்கிறது. தண்டு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைவிட எங்கே குத்தியது என்பதையே நம்புங்கள். இலக்கின் பழைய ஓட்டைகள் தண்டைத் திருப்பிவிடும். உயரத்தை முதலில் சரிசெய்து, பிறகு இடவலத்துக்கு வாருங்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழியை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நாணைப் பிடுங்கி விட்டாலோ, முழுதாக இழுக்காமல் தளர்ந்து விட்டாலோ இறகில்லா அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசைக்குப் போகும். ஆறு முறை எய்ததில் நான்கு முறையாவது ஒரே பக்கம் போனால்தான் அது அம்பின் செய்தி. களைத்த கையோடு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. காலையில், கை புதிதாக இருக்கும்போது, இருபது அம்புகளுக்குள் முடித்துவிடுங்கள்.

துவளும் தண்டு சில வேளை விறைப்பான தண்டைப் போல வேடமிடும். இதை நான் வருந்திக் கற்றுக்கொண்டேன். முழு நீளத்தில் விட்டிருந்த ஒரு கார்பன் தண்டு, பதினைந்து கெஜத்தில் குழுவுக்கு ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தது. விறைப்பு என்று எண்ணி, முனையை 125 கிரெய்னிலிருந்து 175க்கு மாற்றினேன். அது இன்னும் இடப்பக்கம் விலகியது, ஒவ்வொரு முறையும் வில்லிலிருந்து மரத்தில் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. இரண்டு மாலைகள் வீணான பிறகு, பிடியின் பக்கத் தோலில் உதட்டுச்சாயத்தை மெல்லிய படலமாகத் தடவி ஒரே ஓர் அம்பு எய்தேன். அம்பைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, நாக்கிலிருந்து நான்கு விரல் தூரத்தில், தண்டின் உட்பக்கத்தில் ஒரு சிவப்புக் கீற்று இருந்தது. தோலிலும் அதே உயரத்தில் சாயம் வழித்தெடுத்தது போலக் கலைந்திருந்தது. அளவுக்கு மேல் வளைந்த தண்டு, வெளியேறும்போது வாலால் பிடியை அடித்து, அந்த அடியால் இடப்பக்கம் எறியப்பட்டிருக்கிறது. முனையை மீண்டும் 125க்குக் கொண்டுவந்து அரை அங்குலம் வெட்டியதும் அம்பு குழுவின் வலப்பக்கம் போய் விழுந்தது. அதன் உண்மையான இயல்பு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் கால் அங்குலங்களாக மூன்று முறை வெட்டியதும் குழுவுக்குள் வந்து சேர்ந்தது. இடப்பக்க அம்பைக் கண்டால், அதை நம்புவதற்கு முன் தட்டல் ஓசை வருகிறதா, தண்டில் உரசல் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உண்மையான விறைப்பு என்றால் முனையின் எடையைக் கூட்டுங்கள், அல்லது பக்கத் தோலை மெலிதாக்குங்கள், மரமாக இருந்தால் தண்டை மணல்தாளால் சீராகத் தேய்த்துச் சற்றே மெலியச் செய்யலாம். துவளும் தண்டு என்றால் கால் அங்குலமோ அதற்கும் குறைவாகவோ வெட்டுங்கள். சரியான நிலையை நெருங்க நெருங்க வெட்டும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வெட்டியதை ஒட்ட முடியாது. எவ்வளவு வெட்டினாலும், முழுதாக இழுத்த நிலையில் வில்லின் முன்முகத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது தண்டு மிஞ்ச வேண்டும். இல்லையேல் வெட்டுமுனையின் அலகு வில்லைப் பிடித்த விரலைத் தொடும். அந்த எல்லையை எட்டியும் தண்டு துவண்டால், ஸ்பைன் தவறு. அடுத்த தண்டுக்குப் போங்கள். மிகச் சிறிய துவளுதலுக்குப் பக்கத் தோலின் அடியில் ஒரு மெல்லிய பட்டையை வைத்தாலே போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். பத்து கெஜத்தில் ஒன்றானதும் பதினைந்துக்கும் இருபதுக்கும் நகருங்கள். இருபது கெஜத்தில் இறகில்லா அம்பு இறகு அம்புகளுக்கு ஒரு சாணுக்குள் விழுமானால் விரலால் எய்யும் நெடுவில்லுக்கு அது மிக நல்ல நிலை. அதற்கும் மேல் துரத்தினால், அம்பின் குறையை விட்டுவிட்டு அன்றைய கையின் குறையைச் சீரமைத்துக்கொண்டிருப்போம். சற்றே துவளும் பக்கமாக நிற்பது, சற்றே விறைப்பாக நிற்பதைவிட விடுவிப்பின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது என்பது என் அனுபவம்.

ஐந்தாம் படி: முன்பாரம்

அம்பின் சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதே முன்பாரம். முனையோடு சேர்ந்த அம்பைக் கத்தியின் முதுகில் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். நாக்கின் பிளவிலிருந்து அதுவரையிலான தூரத்திலிருந்து, தண்டின் நீளத்தில் பாதியைக் கழித்து, வந்த விடையை முழு நீளத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 29 அங்குல அம்பு 18 அங்குலத்தில் சமநிலை அடைந்தால், 3.5ஐ 29ஆல் வகுக்க வேண்டும். முன்பாரம் ஏறத்தாழ 12 சதவீதம்.

வேட்டை அம்புகளின் ஊடுருவலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த எட் ஆஷ்பி, பெரிய எலும்புள்ள விலங்குகளுக்கு 650 கிரெய்னுக்கும் மேற்பட்ட அம்பையும் 19 சதவீதத்துக்கு மேற்பட்ட முன்பாரத்தையும் வலியுறுத்தினார். ஆனால் அவருடைய வரிசையிலும் அம்பு உடையாமல் இருப்பதும் நேராகப் பறப்பதுமே முதலிரு இடங்களைப் பெறுகின்றன. மான் அளவுள்ள விலங்குக்கு 12 முதல் 18 சதவீதம் போதும் என்று நான் நினைக்கிறேன். முன்பாரத்தை உயர்த்த விரும்பினால், சீரமைத்து முடித்த பிறகு முனையை மாற்றாமல், தொடக்கத்திலேயே கனமான முனையையும் அதைத் தாங்கும் விறைப்பான தண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆறாம் படி: இறகும் நாக்கும்

திட்டிலிருந்து எய்யும்போது பிளாஸ்டிக் சிறகு பிடியில் மோதி அம்பைத் திருப்பும், இறகோ மடங்கி நிமிர்ந்துவிடும்; நெடுவில்லுக்கு இறகே உகந்தது. வான்கோழி இறக்கையின் ஐந்து அங்குல இறகுகள் மூன்று, அல்லது நான்கு அங்குலத்தில் நான்கு, வேட்டைக்குப் போதும். ஒரே அம்பில் இடச்சிறகின் இறகையும் வலச்சிறகின் இறகையும் கலக்கக் கூடாது. அவற்றின் வளைவு எதிரெதிரானது. சற்றே திருகலாக ஒட்டினால் அம்பு சுழன்று நிலைபெறும். முன்பகுதியில் வெட்டுமுனை ஒரு சிறு இறக்கையைப் போலக் காற்றைப் பிடிப்பதால், அதை அடக்கப் பின்னால் போதிய இறகு வேண்டும். இங்கே சிக்கனம் தேவையில்லை. இறகின் முன்முனையிலுள்ள கூரான காம்பைத் தேய்த்து, நூல் சுற்றி, பசையிட்டு மூடுங்கள். மூடாமல் விட்ட காம்பு வில்லைப் பிடித்த கையைக் கிழித்துவிடும்.

நாக் நாணில் பொருந்தும் இறுக்கத்தைச் சோதிக்க, நாணில் அம்பை மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தன் எடையில் விழாமல் தொங்க வேண்டும், நாணை விரலால் மெல்லத் தட்டினால் கழன்று விழ வேண்டும். இறுக்கமான நாக் சீரமைத்தல் முழுவதையும் பொய்யாக்கும்.

ஏழாம் படி: வெட்டுமுனை

நெடுவில்லின் ஆற்றலுக்கு இரண்டு அலகுள்ள நிலையான வெட்டுமுனையே சிறந்தது. விரியும் வகை, விரிவதற்கே ஆற்றலைச் செலவிடுகிறது. நீளம் அகலத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும் ஒடுங்கிய வடிவம் எலும்பை எளிதில் கடக்கும். மரத்தண்டின் முனையை ஐந்து பாகைக் கூம்பாகச் சீவி, சூடாக்கி உருகும் பசையால் பொருத்துவது வழக்கம். பசை ஆறுவதற்குள் முனையைத் திருப்பி நேராக்கலாம். கார்பனைத் தீயில் நேரடியாகக் காட்டக் கூடாது, முனையை மட்டும் சூடாக்குங்கள்.

பொருத்திய பின் முனையின் நுனியைக் கெட்டியான பலகையில் ஊன்றி, அம்பை நிமிர்த்திப் பம்பரம் போலச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடத்தில் தள்ளாட்டம் தெரிந்தால் திரும்பவும் சூடாக்கி ஒட்டுங்கள். அந்தத் தள்ளாட்டம் பறப்பில் பெருகும்.

கடைசிச் சோதனை, இருபது கெஜத்தில் ஒரே எடையுள்ள பயிற்சிமுனை அம்புகளையும் வெட்டுமுனை அம்புகளையும் மாற்றி மாற்றி எய்வது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் வேலை முடிந்தது. வெட்டுமுனை இடப்பக்கம் விலகினால் விறைப்பு, வலப்பக்கம் விலகினால் துவளுதல், கீழே போனால் நாக் பாயிண்ட் உயரம். இறகில்லா அம்பு சொன்ன அதே மொழிதான். இந்நிலையில் தேவைப்படுவது பெரும்பாலும் பக்கத் தோலிலோ நாக் பாயிண்டிலோ ஒரு சிறு மாற்றம் மட்டுமே.

எட்டாம் படி: முழுத் தொகுதியை ஒன்றாக்குதல்

ஒரு தண்டு சரியானதும் மற்றவற்றை அதே அளவில் செய்யுங்கள். மரத்தில் ஸ்பைன் ஐந்து பவுண்டு வீச்சுக்குள்ளும், மொத்த எடை பத்து கிரெய்ன் வீச்சுக்குள்ளும் இருந்தால் வேட்டைத் தூரத்தில் வேறுபாடு தெரியாது. அதே எண்ணுள்ள தண்டுகளிலும் ஒன்றிரண்டு குழுவை விட்டு விலகிப் போகும். அவற்றைக் குறியிட்டுப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மரத்தண்டுகளுக்கு நன்றாக மெருகெண்ணெய் பூசி, படுக்கையாகவோ தொங்கவிட்டோ வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். இலேசாக வளைந்ததைச் சூடுகாட்டி உள்ளங்கையால் அழுத்தி நேராக்கலாம்.

ஒவ்வொரு நாளும் எய்யும் முன் ஒவ்வொரு தண்டையும் இரு கையாலும் பிடித்து, எல்லாப் பக்கமும் சற்றே வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். நறுக்கென்ற மெல்லிய ஓசை வந்தால் அதை அங்கேயே முறித்துப் போடுங்கள். விரிசல் உள்ள தண்டு நாணின் விசையில் சிதறி, வில்லைப் பிடித்த கைக்குள் பாயும். வெட்டுமுனை அம்புகள் அம்பறாத்தூணியில் அலகு மூடியிருக்கும்படி நிற்க வேண்டும். முன்கை மயிரை அழுத்தாமலே மழிக்கும் அளவுக்கு அலகு கூராக இருக்க வேண்டும். சோதனைக்காக இலக்கில் எய்த வெட்டுமுனை, கண்ணுக்குக் கூராகத் தெரிந்தாலும், அரத்திலும் தோல்வாரிலும் மறுபடி தீட்டிய பிறகே தூணிக்குள் திரும்ப வேண்டும்.